இன்னும் ஒரு பொத்தை

சிந்துபூந்துறையில் மூன்றாவது சந்து.
ஆறு வீட்டுக்குள் வந்து போன கோடு
இடுப்பளவில் இன்னும் இருக்கிறது சுவரில்.
வடிவக்கா வாங்கின வீடு,
தபாலாபீஸ் சம்பளத்தில் இருபது வருஷக் கடன்.
"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும் தம்பி,
மூணு நாள்ல முடிச்சிருவேல்லா?"

நான் பதில் சொல்லவில்லை.
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலித்தீன் தாளை
நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.
"இது என்ன, செவத்துக்கு பிளாஸ்திரியா?"
"காய்ச்சல் இருக்கான்னு பாக்கேன்க்கா."

மறுநாள் காலை
தாளின் உள்பக்கம் முத்து முத்தாய் வேர்த்திருந்தது.
ஆறு போய்விட்டது என்றுதான்
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.
செங்கலுக்குள் உட்கார்ந்திருக்கிறது,
குளியலறைக் குழாயின் கசிவைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

சுரண்ட ஆரம்பித்தோம், நானும் மைதீனும்.
மேலே ரோஸ்.
அதன் கீழே பச்சை.
அதன் கீழே உப்புப் பூத்த பட்டி,
தகடு படுமுன்பே அப்பளமாய் உதிர்ந்தது.
சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்து வெடிப்பில்
சிமெண்டுக்குப் பதில் திணித்த செய்தித்தாள்
இழுக்க இழுக்க வந்தது,
பாதி நெல் விலை, பாதி சினிமா விளம்பரம்.

"எந்தக் கூறுகெட்டவன் செஞ்ச வேலை இது?"
மைதீன் சிரித்தான்.
நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே, பட்டி காயுமுன்
யாரோ கட்டைவிரலால் வழித்துவிட்ட தடம்.
நுனிக்கணு இல்லாத விரல். மொண்ணை.
என்னுடையதைப் பம்புசெட்டு பெல்ட் தின்றது,
இருபது வயதில்.
இடது கையைத் தடத்தின் மேல் வைத்தேன்.
பொருந்தியது.

பதினாறு வருஷம். அப்போது வீட்டுக்காரர் வேறு.
"வாடகைக்கு விடுத வீடுதானவே,
பார்வைக்கு நின்னா போதும்" என்றார்.
பார்வைக்குத்தான் நிறுத்தினேன்.
ஈரத்தின் மேல் பட்டி, பட்டியின் மேல் பச்சை,
பச்சை காயுமுன் கூலியோடு ஜங்ஷனில் பஸ் ஏறிவிட்டேன்.
அந்தக் காசில் என்ன வாங்கினேன் என்று ஞாபகமில்லை.
ரசீது சுவரிடம் இருக்கிறது.

"நாந்தான்க்கா."
"என்னது?"
"கூறுகெட்டவன்."

காப்பி டம்ளரை ஜன்னலில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் ஆற்றுப்பாலத்து லாரிச் சத்தம் மட்டும்.
"அப்ப கூலியில கழிச்சிரவா?"
"கழிச்சுக்கிடுங்க.
நாளக் கழிச்சிராதீங்க."

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது,
தோலுரித்த சுவர்களுக்கு நடுவில்.
சொந்தக்காரர்கள் செங்கலைப் பார்த்து ஏதோ கேட்டார்கள்.
அவள் ஏதோ சொன்னாள்.

குழாயை மாற்றினோம். புதுக் காரை பூசி
ஒரு வாரம் தண்ணீர் காட்டினோம்,
அப்புறம் ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் காத்துக் கிடந்தோம்.
தாளை மறுபடி ஒட்டினேன்; வேர்த்தது.
மறுபடி; வேர்த்தது.
மூன்றாம் தடவை தாள் ஒன்றும் சொல்லவில்லை.

பிரைமர் ஒரு கை. பட்டி இரண்டு கை,
இரண்டுக்கும் நடுவே ஒரு முழு ராத்திரி.
அந்த ராத்திரிக்கு யாரும் கூலி தருவதில்லை,
வேலையில் பாதி அதுதான் செய்கிறது.
மூலையில் தகடு போகாது,
இந்தத் தடவையும் அதே விரலால் வழித்தேன்.
காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டு
விரலைத் தேய்த்து எடுத்துவிட்டேன்.

இருட்டினதும் மைதீன் வெறும் பல்பைச்
சுவரோடு ஒட்டிப் பிடித்தான்.
பகலில் சமமாய்த் தெரிந்தது
பொத்தையும் ஓடையுமாய்க் கிடந்தது.
ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் வட்டம் போட்டேன்.
"இப்படி பல்பு பிடிச்சு யாரு பாக்கப் போறா?"
"மேக்கு ஜன்னல்ல சாயங்கால வெயில் வரும்லா. அது பாக்கும்."

நேற்று வடிவக்கா நிற அட்டையோடு வந்தாள்.
சந்தனமா, சாம்பலா,
மகன் கேட்கிற நீலமா என்று.
வெள்ளைப் பொடி படிந்த கையை
அட்டையில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"நாளைக்குச் சொல்லுங்கக்கா.
அந்த ஜன்னலோரம்
இன்னும் ஒரு பொத்தை இருக்கு."